பார்சிலோனாவின் அந்தக் கல் பாலம் இடைக்காலத்தது இல்லை

பார்சிலோனாவின் பழைய நகரமான கோதிக் பகுதியில் வழிகாட்டியோடு நடந்துவிட்டு வருபவர்கள், பிஷப் தெருவுக்கு மேலே இருக்கும் கல் பாலத்தின் படத்தைப் போட்டு "600 வருடப் பழமை" என்று எழுதுகிறார்கள். தவறு. அதைக் கட்டியது 1928இல். ஜுவான் ருபியோ என்ற கட்டடக்கலைஞர் பழைய பாணியில் வடிவமைத்தார். அடுத்த வருடம் நகரில் நடக்கவிருந்த சர்வதேசக் கண்காட்சிக்காக இந்தப் பகுதியை அழகுபடுத்திக்கொண்டிருந்த நேரம் அது.

பேராலயமும் இதே கதைதான். கட்டட வேலை 1298இல் தொடங்கியது உண்மை, ஆனால் எல்லோரும் அண்ணாந்து படமெடுக்கும் முகப்பு 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஆரம்பித்தது, நடுக்கோபுரம் முடிய 1913 ஆகிவிட்டது. அப்புறம் அரசர் சதுக்கத்தில் இருக்கும் பதேயாஸ் மாளிகை: கட்டடம் பழையதுதான், ஆனால் லயெதானா சாலை போடுவதற்காக வேறு தெருவிலிருந்து கல் கல்லாகப் பிரித்து 1931இல் இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள். எனக்கு இந்தக் கதை அந்தப் பாலத்தைவிடப் பிடிக்கும்.

சரி, அதற்காக "மொத்தமும் போலி" என்று சிலர் கிளம்புவதும் தப்பு. அதே சதுக்கத்தில் இருக்கும் தினெல் மண்டபம் அசல் 14ஆம் நூற்றாண்டு வேலை. நடக்கும்போது ஒவ்வொரு சுவரையும் காட்டி, இது எந்த நூற்றாண்டு என்று வழிகாட்டியிடம் தயங்காமல் கேளுங்கள்.