ஏழு எங்கே இருக்கலாம்?

போன ஞாயிறு வீட்டுக்கு வந்த ஒரு அண்ணா, நான் சுடோகு போடுவதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு, "தம்பிக்கு அபார ஞாபகசக்தி" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்பாகத்தான் சொன்னார். ஆனால் அது சரியில்லை, ஏன் சரியில்லை என்பதை ஒருநாள் விளக்கமாக எழுதவேண்டும் என்று மனதில் கிடந்தது, இப்போது எழுதுகிறேன்.

எனக்குக் கண் போனது 2009இல், போரின் கடைசியில், 14 வயதில். எப்படி என்று வன்னி ஆட்களுக்குச் சொல்லத் தேவையில்லை. செட்டிகுளம் முகாமில் இருந்து கிளிநொச்சிக்குத் திரும்பி மறுபடி பள்ளிக்கூடம் போனபோது, கணித பாடம் வந்தால் "நீ சும்மா இரு ராசா, இது உனக்குக் கஷ்டம்" என்று விட்டுவிடுவார்கள். யாரும் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, வேறு வழி அவர்களுக்குத் தெரியாது. ஆனால் எனக்குக் கணக்கென்றால் உயிர். கடைசி வாங்கில் இருந்தபடி கரும்பலகையில் சோக்கட்டி கீறும் சத்தத்தை மட்டும் கேட்டுக்கொண்டிருந்த அந்தப் பாடவேளைகள் இன்னும் எனக்குள் வலிக்கின்றன.

மூன்று வருடத்துக்கு முன் அக்காவின் மகள் ஞாயிறு பேப்பரை வைத்துக்கொண்டு தனக்குள் எண்களை முணுமுணுத்துக்கொண்டிருந்தாள். என்னம்மா அது என்று கேட்டேன். "சுடோகு மாமா. குறுக்கே ஒன்பது நிரை, நெடுக்கே ஒன்பது நிரல், மூன்றுக்கு மூன்றாக ஒன்பது பெட்டி. எல்லாத்திலயும் ஒன்றிலிருந்து ஒன்பது வரைக்கும் ஒருக்கால்தான் வரலாம்." அவ்வளவுதான், எனக்கு விளங்கிவிட்டது. விதி விளங்கியதே தவிர 81 கட்டங்களை மனதில் வைத்திருக்க என்னால் முடியவில்லை. இரண்டாம் பெட்டிக்குப் போகுமுன்னே முதல் பெட்டி கலைந்துவிடும். அதோடு விட்டிருப்பேன், அவள் விடவில்லை. முட்டைத் தட்டொன்றை நாலுக்கு நாலாக வெட்டிக்கொண்டு வந்து, குழிகளில் புளியங்கொட்டை போட்டாள். ஒரு கொட்டை ஒன்று, நான்கு கொட்டை நான்கு. 16 குழி, இரண்டுக்கு இரண்டாக நான்கு பெட்டி. ஒரு மாதம் அதிலேயே கிடந்தேன். பார்வையில்லாத ஒருவர் தொடங்குவதென்றால் இங்கேதான் தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான அபிப்பிராயம், ஒன்பதுக்கு ஒன்பதை எடுத்தவுடன் கையில் கொடுத்து ஆளை வெருட்டக்கூடாது.

அப்புறம் தச்சு வேலை செய்யும் சித்தப்பா பெரிய பலகை செய்து தந்தார். எண்களுக்குச் சோடா மூடிகளை எடுத்து உள்பக்கமிருந்து ஆணியால் குத்தி, விரலால் தடவி வாசிக்கும் பிறெயில் எழுத்தின் புள்ளிகளை எழுப்பினோம். அழகாக வந்தது. ஆனால் நான் போட்ட சுடோகு ஒன்றுகூடச் சரிவரவில்லை! என் மூளையில்தான் பிழை, அவர்கள் பள்ளிக்கூடத்தில் சொன்னது சரிதானோ என்றுகூட ஒரு இரவு யோசித்தேன். பிழை மூடியில் இருந்தது. பிறெயிலில் 4, 6, 8 மூன்றுக்கும் மும்மூன்று புள்ளி, மூன்றும் ஒரே மூலை வடிவம். வட்ட மூடி கொஞ்சம் திரும்பினால் நான்கு ஆறாகிவிடும், ஆறு எட்டாகிவிடும். 2 நிமிர்ந்த இரண்டு புள்ளி, அது சரிந்தால் 3. 5உம் 9உம் அப்படித்தான், ஒன்று மற்றதாகிவிடும். எந்தப் பக்கம் திரும்பினாலும் மாறாதவை 1உம் 7உம் மட்டும்தான். இது பிடிபட்ட அன்றைக்கு எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சமில்லை. இப்போது எல்லாம் சதுர வில்லை, மேல் வலது மூலை வெட்டியிருக்கும். பேப்பரில் வரும் எண்களுக்கு மர வில்லை, நான் வைப்பவற்றுக்குத் தகர வில்லை. தொட்டவுடன் எது யாருடையது என்று தெரியும்.

சரி, ஞாபகசக்தி விஷயத்துக்கு வருகிறேன். கண்ணுள்ளவர்கள் முழுப் பலகையையும் ஒரே பார்வையில் வாங்கிவிடுவார்கள். என் விரலுக்கு ஒரு நேரத்தில் ஒரு கட்டம்தான் கிடைக்கும். அதனால் நான் ஒழுங்காகக் கேட்கப் பழகினேன். "இந்தக் கட்டத்தில் என்ன வரும்?" என்று கேட்டால் ஒன்பது பதிலையும் தலையில் சுமக்கவேண்டும். "இந்தப் பெட்டியில் ஏழு எங்கே இருக்கலாம்?" என்று கேட்டால் ஏழை மட்டும் தேடினால் போதும். இடப்பக்கப் பெட்டியில் ஏழு முதல் நிரையில், நடுப்பெட்டியில் இரண்டாம் நிரையில் என்றால் வலப்பக்கப் பெட்டியில் அது மூன்றாம் நிரையில்தான் இருக்கவேண்டும். அங்கே மூன்று கட்டத்தில் இரண்டு நிரம்பியிருந்தால் வேலை முடிந்தது. இடது கை நிரையைப் பிடித்திருக்கும், வலது கை நிரலில் இறங்கும். ஒரு நிரையில் ஒரு கட்டம் மட்டும் மிச்சமென்றால் இருக்கும் எட்டையும் கூட்டி 45இல் இருந்து கழித்துவிடுவேன். இதில் எங்கே அபார ஞாபகம்? பலகைதான் ஞாபகம் வைத்திருக்கிறது. அதிசயம் என்று சொல்லிவிட்டால் அடுத்த பிள்ளை இது தனக்கு வராது என்று நினைத்துவிடும், அதுதான் என் கவலை.

ஆகக் குறைந்தது 17 எண்கள் கொடுத்தால்தான் ஒரே விடை வரும் என்று 2012இல் அயர்லாந்தில் கணினியை வைத்துக் காட்டினார்கள். தொடங்குபவர்கள் அந்தப் பக்கம் போகவேண்டாம், 35க்கு மேல் எண் கொடுத்திருப்பதை எடுங்கள். பக்கத்தில் நிற்பவர்களும் தயவுசெய்து "அங்க எட்டு வரும்" என்று சொல்லாதீர்கள். அந்த எட்டைத் தேடத்தான் நான் உட்கார்ந்திருக்கிறேன்.

இன்னொரு வேண்டுகோள். முகநூலில் புதிரைப் படமாகப் போடுகிறீர்கள், திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் திரைவாசிப்பான் அதைக் கட்டம் கட்டமாக எனக்குச் சொல்லாது. கணினியில் நான் பாவிக்கும் திரைவாசிப்பான் என்விடிஏ (NVDA) இலவசம், உண்மையான அட்டவணையாக இருந்தால் கன்ட்ரோல், ஆல்ட் இரண்டோடும் அம்புக்குறியை அழுத்திக் கட்டம் கட்டமாகப் போகலாம். அதுவும் வேண்டாம், ஒன்பது வரியாக எண்களைத் தட்டச்சு செய்து வெற்றுக் கட்டத்துக்குப் பூச்சியம் போட்டாலே போதும். ஆனால் எண்களுக்கு நடுவே இடைவெளி விடுங்கள், 406020900 என்று சேர்த்து எழுதினால் நாற்பது கோடி என்று தொடங்கிவிடும்.

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் பலகை செய்ய விரும்பும் பெற்றோர் இருந்தால் கேளுங்கள், அளவு தருகிறேன். கட்டம் ஒரு அங்குலம், மூன்று கட்டத்துக்கு ஒருக்கால் தடித்த சட்டம் அடிக்கவேண்டும். வில்லையின் மூலையை வெட்ட மறக்காதீர்கள்.