கணக்குப்பிள்ளையும் கடற்படையும்

முந்தாநாள் கடற்போர் பற்றி நான் எழுதியதற்கு ஒருவர் என்னைக் கிண்டல் செய்தார். பெயரைச் சொல்லி அவருக்கு விளம்பரம் தர மாட்டேன். "கணக்கு எழுதுகிறவனுக்குக் கடற்போர் பற்றி என்ன தெரியும்" என்ற கமெண்ட்டையும் அதன் கீழே சிரித்தவர்களையும் பார்த்தேன். அதில் நம்மாட்களும் உண்டு. சரி.

ஐயா, பன்னிரண்டாம் நூற்றாண்டில் சிசிலிக் கடற்படையை நடத்திய அந்தியோக்கியா ஜார்ஜே கணக்குப்பிள்ளைதான்! அன்று சிசிலியை ஆண்ட நார்மன் இனத்தவர்கூட இல்லை, கிரேக்கக் கிறிஸ்தவர். வட ஆப்பிரிக்காவில், இன்றைய துனிசியாவின் கடலோர ஊரான மஹ்தியாவை ஆண்ட அமீர் தமீமிடம் நிதிக் கணக்கு பார்த்தவர். 1108இல் தமீம் இறந்தபின், வாரிசிடம் தலை தப்பாது என்று சிசிலிக்கு ஓடியவர். அங்கே ஆண்ட இரண்டாம் ரோஜரிடம் 'அமீர்களின் அமீர்', அதாவது தலைமை அமைச்சரும் கடற்படைத் தலைவரும் ஆனார். நீங்கள் கெத்தாகச் சொல்லும் 'அட்மிரல்' அந்த அமீரிலிருந்து வந்ததுதான்.

துடுப்புக் கப்பலில் வாளைவிடத் தண்ணீர் முக்கியம். வெயிலில் நூறு பேர் துடுப்பு வலித்தால் பீப்பாய் எத்தனை நாள் தாங்கும்? கரையை ஒட்டியே போகவேண்டும், வழியில் தீவு கையில் இருக்கவேண்டும். துனிசியா பக்கம் ஜெர்பா, கிரீஸ் பக்கம் கோர்ஃபு என்று ஜார்ஜ் தீவுகளைப் பிடித்ததில் பாதி இந்தக் கணக்குதான் என்பேன். தூத்துக்குடியில் இருபத்திரண்டு வருஷமாகக் கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் பில் போடுகிறேன். ஒருமுறை குடிநீர் பார்ஜ் வராமல் ஒரு கப்பல் ஒன்றரை நாள் வெளியே நின்றது. கேப்டன் எந்தப் போர்வீரருக்கும் போன் போடவில்லை, எனக்குத்தான் போட்டார்.

1148இல் பான்டெல்லேரியா தீவருகே மஹ்தியா கப்பல் ஒன்று சிக்கியது. உள்ளே தூதுப் புறாக்கூண்டு. 'சிசிலிக் கடற்படை கான்ஸ்டான்டிநோபிளுக்குப் போய்விட்டது' என்று அந்த ஆட்களையே எழுதவைத்து மஹ்தியாவுக்குப் புறாவைப் பறக்கவிட்டார் ஜார்ஜ். பிறகு 250 கப்பலோடு மஹ்தியா வாசலில் நின்றார். எதிர்க்காற்றால் தாமதம். அப்போது ஊரை ஆண்ட அமீர் ஹசன் அதற்குள் கிளம்பிவிட்டார். ஊரில் சண்டையே இல்லை. ஏற்கெனவே பஞ்சத்தில் காய்ந்த ஊர். எப்போது போவது என்பதும் கணக்குதானே?

"1123இல் அதே மஹ்தியாவைப் பிடிக்கப்போய் அவர் இருந்த படை தோற்றதே" என்பீர்கள். தோற்றது. அதனால்?

"துரோகி, உப்பிட்ட ஊரையே பிடித்தவன்" என்பதும் வரும். தலைக்குக் கத்தி வந்தால் நீங்கள் உப்பை நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பீர்களோ?

1147இல் கிரேக்க நகரமான தீப்ஸிலிருந்து பட்டு நெய்கிறவர்களை ஜார்ஜின் ஆட்கள் பிடித்துச் சிசிலியின் தலைநகர் பலேர்மோவுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர்களையும் எவனோ சரக்குக் கணக்கில்தான் எழுதியிருப்பான். எழுதினவன் என்னைப்போல ஒருவன்தான்.

பலேர்மோவில் அவர் கட்டிய மார்த்தோரானா தேவாலயத்தின் மொசைக் ஓவியத்தில் மரியாளின் காலடியில் ஆமை மாதிரி குனிந்து கிடக்கிறார் ஜார்ஜ். கையில் வாள் இல்லை.

சிரித்த நண்பர்களே, இன்று மாதக்கடைசி. பில்லெல்லாம் முடிக்கவேண்டும், பதில் தாமதமாகும்.