கோணியில் கட்டிக் கொண்டுபோய் விட்டால் பூனை குறையாது

புதுச்சேரி முத்தியால்பேட்டை விவகாரம் எல்லாருக்கும் தெரியும். ஆறு பூனையைக் கோணியில் கட்டி, தேங்காய்த்திட்டு துறைமுகத்தில் அவிழ்த்துவிட்டு, "தெரு சுத்தமாயிடுச்சு" என்று வாட்ஸப்பில் படமும் போட்டிருக்கிறார்கள். வயிறு எரிகிறது.

சுத்தமாகவில்லை. மீன் கழிவும் ஒதுங்க இடமும் இருக்கும்வரை, காலியான தெருவுக்குப் பக்கத்துத் தெருப் பூனை வரும். ஐந்து மாதத்திலேயே சினைபிடிக்கும், சுமார் 63 நாளில் குட்டி போடும், பால் கொடுக்கும்போதே மறுபடி சினையாகும். தூக்கிப் போட்டால் குறையாது. கருத்தடை செய்து அதே இடத்தில் விட்டால்தான் குறையும்.

தெருப் பூனையைப் பிடிப்பது கஷ்டம் என்கிறார்கள். பொறுமைதான் வேண்டும். ஒரு வாரம், கூண்டின் கதவைத் திறந்தபடியே கட்டிவைத்து, ஒரே நேரத்தில் உள்ளேயே சாப்பாடு வையுங்கள். பிடிப்பதற்கு முந்தின இரவு தெருவில் ஒரு வீட்டில்கூடச் சோறு வைக்கக் கூடாது. வயிறு நிறைந்த பூனை கூண்டில் ஏறாது. மத்தி மீனை, மிதித்ததும் கதவை விழவைக்கும் மிதிதகட்டைத் தாண்டிக் கடைசியில் வையுங்கள். முன்னால் வைத்தால், பாதி உடம்பு வெளியே இருக்கும்போதே கதவு விழும். அப்படித் தப்பிய பூனை லேசில் திரும்ப வராது. மாட்டியதும் கம்பியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும். உடனே பழைய போர்வையால் கூண்டை முழுக்க மூடுங்கள். இருட்டானால் அடங்கிவிடும்.

அறுவையின்போதே வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, மயக்கத்திலேயே ஒரு காது நுனியை வெட்டிவிடுவார்கள். அதே பூனையை இன்னொரு முறை பிடித்து அறுக்காமல் இருக்கத்தான் அந்த அடையாளம். மயக்கம் தெளியும்வரை உடம்பு சில்லிட்டுப்போகும், ஃபேனுக்கு அடியில் வைக்காதீர்கள்.

"சோறு போடுறவங்களாலதான் பெருகுது." பாதி உண்மை, ஒத்துக்கொள்கிறேன். கருத்தடை இல்லாமல் சோறு மட்டும் போட்டால் பெருகத்தான் செய்யும். ராத்திரிக் கத்தல், மூத்திர நாற்றம்? கடுவனுக்குக் கருத்தடை ஆனால் சில வாரத்தில் பெருமளவு அடங்கும். "அவ்ளோ பாசம்னா உன் வீட்டுக்குக் கொண்டுபோ." இதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தெருவிலேயே வளர்ந்த பூனையை வீட்டில் அடைத்தால் கட்டிலுக்கு அடியில் ஒடுங்கிச் சாப்பிடாமல் கிடக்கும். அதன் தெருவை அதற்கு விட்டுவையுங்கள் என்றுதான் கேட்கிறேன். குரும்பாபேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரியே இருக்கிற ஊரில் கோணிதான் வழியா? பசி தாகத்தில் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது 1960 மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி குற்றம்.

கோணியிலிருந்து தாவும் அந்தச் சாம்பல் பூனையின் படத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். முலைக்காம்பைச் சுற்றி முடி நனைந்து ஒட்டிக் கிடக்கிறது. பால் கொடுக்கிற தாய் அது. குட்டிகள் அந்தத் தெருவில்தான் எங்கேயோ இருக்கும். மாடிப்படிக்கு அடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இன்றைக்கே தேடுங்கள். கிடைத்தால் முதலில் சூடு கொடுங்கள்: வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வையுங்கள். சில்லிட்ட குட்டிக்குப் பால் செரிக்காது. உடம்பு சூடானபிறகு, பூனைக்குட்டிக்கென்றே விற்கும் பால்பவுடரைக் கரைத்து, குப்புறப் படுக்கவைத்து, மூன்று மணிக்கொருமுறை கொடுங்கள். பசும்பால் வேண்டாம், பேதியாகும். தாயைத் தேடித் துறைமுகத்துக்குப் போகிறவர்கள் கூண்டும் போர்வையும் எடுத்துப் போங்கள்.