பியானோவின் மேல் பேட் போர்த்தாதீர்கள்

வேலூர், காட்பாடி, ராணிப்பேட்டை பக்கம் பியானோவும் எலக்ட்ரானிக்ஸும் (கம்ப்யூட்டர், சிந்தசைசர் ஒலிகள்) கலந்த ஆம்பியன்ட் இசை (சூழலைப் போல மெல்லப் பரவும் இசை) செய்யப் பார்ப்பவர்கள் பெரும்பாலும் சர்ச் கீபோர்டில் கை பழகியவர்கள். அங்கே பியானோவோடு பேட் (pad), அதாவது பின்னணியில் விடாமல் நீண்டு ஒலிக்கும் சிந்தசைசர் ஒலி, சேர்த்து வாசிப்பதுதான் வழக்கம். கூட்டுப்பாடலுக்கு அது பொருந்தும். இந்த வகை ஆல்பத்தை அதுவே கெடுக்கிறது.

பியானோ ஒலியின் உயிர் அது தேய்கிற விதத்தில் இருக்கிறது. நடு ஸ்தாயியில் ஒரு ஸ்வரத்துக்கு மூன்று கம்பிகள். தட்டியதும் ஒலி வேகமாக இறங்கும், பிறகு மெல்ல நீளும். அந்த நீளும் பகுதியை பேட் மூடிவிட்டால் மிஞ்சுவது சுத்தியல் சத்தம்தான். ஆகவே எலக்ட்ரானிக்ஸ் செய்பவர் தன் ஒலியை அந்தப் பியானோவிலிருந்தே எடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2002இல் வந்த ‘வ்ரியூன்’ ஆல்பத்தில் ஜப்பானிய இசையமைப்பாளர் ரியூயிச்சி சகமோட்டோவின் பியானோவை ஜெர்மன் எலக்ட்ரானிக் இசைக்கலைஞர் ஆல்வா நோட்டோ நறுக்கி, சைன் அலைகளையும் சின்னச் சின்னச் சொடுக்கொலிகளையும் மட்டும் பக்கத்தில் வைத்தார். பியானோ தேய்வதற்கு இடம் விட்டிருப்பது கேட்டாலே தெரியும். 1980இல் வந்த ஆல்பத்தில் பியானோ வாசித்த ஹெரால்டு பட்டும் ஆம்பியன்ட் இசையின் முன்னோடி பிரையன் ஈனோவும் சேர்ந்து செய்தது வேறு வழி: ஈனோ அமைத்துக் கொடுத்த ஒலிச்சூழலுக்குள் பட் உட்கார்ந்து வாசித்தார். அதற்கு இருவரும் ஒரே அறையில் வேண்டும். ஒருவர் ஆற்காட்டிலும் மற்றவர் சென்னையிலும் இருந்தால் முதல் வழியே தோது.

முதலில் சுருதி. பழைய சர்ச்சிலோ பள்ளியிலோ நிற்கும் அப்ரைட் பியானோ பல வருடம் ட்யூன் செய்யாமல் இறங்கியிருக்கும். அதை ஒரே நாளில் 440க்கு (நடு ‘ஏ’ ஸ்வரத்துக்கான பொது அளவு, ஹெர்ட்ஸில்) ஏற்றச் சொல்லாதீர்கள். கம்பிகளின் மொத்த இழுவிசை 15 டன்னுக்கும் மேல். துருப்பிடித்த கம்பி அறுந்துவிடும், அறாவிட்டாலும் சுருதி நிற்காது. ஒரு ஸ்வரத்தின் மூன்று கம்பிகளும் ஒன்றோடொன்று சேரும்படி மட்டும் சரிசெய்யும்படி ட்யூன் செய்பவரிடம் சொல்லுங்கள். பிறகு சிந்தசைசரை இறக்குங்கள். நடு ‘ஏ’ 435 ஹெர்ட்ஸில் இருந்தால் சுமார் 20 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்) இறக்க வேண்டும். இறக்காமல் 440இல் சேர்த்தால் நொடிக்கு ஐந்து முறை ஒலி அலையும்.

அதோடு தீராது. பியானோ கம்பியின் மேல் ஹார்மானிக்ஸ் (மூல ஒலியோடு சேர்ந்து எழும் மேல் ஒலிகள்) கணக்குப்படி வரும் எண்ணைவிடச் சற்றுக் கூடுதலாகவே ஒலிக்கும். சைன் அலை சேர்ப்பவர் பெருக்கல் கணக்கை நம்பாமல், ரெக்கார்டிங்கை ஸ்பெக்ட்ரத்தில் (ஒலியின் அதிர்வெண்களைப் பிரித்துக் காட்டும் படத்தில்) பார்த்து எண்ணை எடுக்க வேண்டும். பருவமும் கணக்கில் வரும். சித்திரை வெயிலில் சவுண்டுபோர்டு காய்ந்து சுருதி இறங்கும், ஐப்பசி மழையில் உப்பி ஏறும். மே மாதம் பாதி, நவம்பரில் பாதி என்று பதிவு செய்தால் ஒரே ஆல்பத்துக்குள் இரண்டு பியானோ. ஒவ்வொரு முறையும் ‘ஏ’வை அளந்து ஃபைல் பெயரிலேயே எழுதிவிடுங்கள்.

பதிவுக்கு மேல் முகப்புப் பலகையைக் கழற்றி, சுத்தியல்களிலிருந்து ஒன்றே கால் அடி தள்ளி, இரண்டடி இடைவெளியில் இரண்டு கண்டென்சர் மைக். பதிவின் உச்ச ஒலியளவு மைனஸ் 12 டெசிபலைத் தாண்ட வேண்டாம். பதிவு அமைப்பு 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸ். சுத்தியலுக்கும் கம்பிக்கும் நடுவே ஃபெல்ட் (கம்பளித் துணி) இறக்கினால் ஒலி பஞ்சாகும், அளவும் குறையும். அதை ஈடுகட்ட கெயினை ஏற்றும்போது மின்விசிறி, பக்கத்து வீட்டு மோட்டார், காட்பாடி ரயில் எல்லாம் சேர்ந்து ஏறும். மின்விசிறியை நிறுத்தாமல் நடக்காது. நம் ஊர் வெயிலுக்கு அதிகாலைதான் நேரம். லேப்டாப்பை சார்ஜரிலிருந்து கழற்றி பேட்டரியில் ஓட்டுங்கள். மின்சார இரைச்சல் 50 ஹெர்ட்ஸ், அடி ஸ்தாயி ‘ஜி’ 49. ‘ஜி’யில் அமைந்த பாட்டில் அந்த இரைச்சல் பிசகிய சுருதியாகவே கேட்கும்.

கடைசி ஸ்வரத்தில் பெடலை விடாமல், சத்தம் முழுக்க அடங்கும்வரை பதிவை ஓடவிடுங்கள். கீழ்க் கம்பிகளுக்கு இருபது நொடிக்கு மேலும் ஆகலாம். எலக்ட்ரானிக்ஸ்காரருக்கு மூலப்பொருளே அந்த வால்தான்.

அனுப்பும்போது ரிவர்ப் (எதிரொலி நீட்சி), கம்ப்ரஷன் (ஒலியளவின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது) எதுவும் வேண்டாம். ட்ராக்கின் ஆரம்பப் புள்ளியிலிருந்து ஒரே வேவ் ஃபைல். வாட்ஸ்அப் என்றால் டாக்குமென்டாக மட்டும். வாங்குபவரின் சாஃப்ட்வேர் 44.1 கிலோஹெர்ட்ஸில் அமைந்திருக்க, 48இல் பதிந்ததை மாற்றாமல் ஓட்டினால் வேகமும் குறையும், சுருதியும் ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். அதைக் கவனிக்காமல் அதன்மேல் மணிக்கணக்காக வேலை செய்துவிட்டால் எல்லாமே வீண்.

எலக்ட்ரானிக்ஸ் செய்பவர் தட்டும் ஓசையை வெட்டிவிட்டு வாலை மட்டும் நீட்டிப் பாருங்கள். 50 முதல் 200 மில்லிசெகண்ட் துண்டுகளாக்கிக் கலைத்துப் பாருங்கள். 150 ஹெர்ட்ஸுக்குக் கீழே பியானோவுக்கே விடுங்கள். 200 முதல் 400 வரை இரண்டு பேரும் குவிந்தால் கலங்கிவிடும். மூன்று நொடிக்கு ஒரு கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) மாறும் இடத்தில் ஆறு நொடி ரிவர்ப் போட்டால் இரண்டு கார்டுகள் ஒன்றின்மேல் ஒன்று ஏறும். ரிவர்பைக் குறையுங்கள், இல்லாவிட்டால் கார்டு மாற்றத்தைத் தள்ளிப்போடச் சொல்லுங்கள். கூட்டாளியிடம் அப்படிக் கேட்கிற உரிமையை இருவரும் முதல் ஃபைல் போவதற்கு முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அழிக்கிற உரிமையையும் சேர்த்து.