மங்க்கின் படத்தை முழுதாகப் பார்த்துவிட்டுப் பேசுங்கள்

சனிக்கிழமை வெள்ளவத்தையில் நான் போட்ட படக்காட்சியில் நடந்தது, வந்திருந்த எல்லோருக்கும் தெரியும். எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் வட்சப்பில் இன்னும் அதே கதை. "ஒரு விசரனுடைய படத்தை எதற்குப் போட்டீர்கள்?" என்று கேட்டவர் பாதிப் படத்தில் எழுந்து போனவர். மிச்சத்தைப் பார்த்திருக்கலாம்.

படம், அமெரிக்க ஜாஸ் பியானோக் கலைஞர் மங்க்கைப் பற்றிய ஆவணப்படமான 'தெலோனியஸ் மங்க்: ஸ்ட்ரெய்ட், நோ சேசர்', 1988இல் சார்லட் ஸ்வெரின் இயக்கியது. 1967, 68இல் மேற்கு ஜெர்மன் தொலைக்காட்சிக்காக பிளாக்வுட் சகோதரர்கள் அந்த மனிதருடன் கூடவே திரிந்து எடுத்த கறுப்பு வெள்ளைக் காட்சிகள்தான் அதன் உயிர். பியானோவை விட்டு எழுந்து நின்ற இடத்திலேயே சுழல்கிறார். அதைத்தானே விசர் என்கிறீர்கள்? சுழலும்போதும் அவர் காது பாட்டை விட்டு அகலவில்லை. திரும்பி வந்து உட்கார்ந்து, விரல்களை மடக்காமல் நீட்டியபடி, யாரும் எதிர்பாராத ஒரு சுரத்தை அடிக்கிறார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பழகக் கடினமான மனிதர்தான், நான் மறுக்கவில்லை. ஆனால் முதலில் வாசிப்பைக் கேளுங்கள்.

"போதைக்கு வக்காலத்தா?" என்கிறார்கள். இல்லை. 1951இல் நண்பரான பியானோக் கலைஞர் பட் பவலுடன் காரில் இருந்தபோது போதைப்பொருள் வழக்கில் பொலிஸ் பிடித்தது. நண்பனைக் காட்டிக்கொடுக்க மறுத்தார். சிறைக்குப் போனார். நியூயோர்க் கிளப்புகளில் வாசிப்பதற்கான அனுமதி அட்டையும் பறிபோனது. 1957 வரை அது திரும்பக் கிடைக்கவில்லை. இதைப் போதைக் கதை என்று மட்டும் எப்படிச் சொல்ல முடிகிறது?

"மனைவி பட்ட பாடு?" இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. நெல்லி அவரைத் தாங்கித் தாங்கியே வாழ்ந்தவர். படம் அதை மறைக்கவில்லை. அப்பாவின் கண்ணைப் பார்க்கும்போது, தான் யாரென்று அவருக்குச் சரியாகத் தெரியவில்லை என்பது புரிந்ததை மகன் சொல்கிறார். அதைக் கேட்ட பிறகும் 'திமிர்' என்று சொல்ல எப்படி மனம் வருகிறது? அது நோய்.

என் பெரிய மாமா கொட்டாஞ்சேனையில் அக்கோடியன் வாசித்தவர். ஒரு தரம் கேட்ட பாட்டை அன்றைக்கே வாசித்துவிடுவார். அப்புறம் நாட்கணக்கில் யாரோடும் கதைக்கமாட்டார். கலியாண வீட்டில் பாதியில் அக்கோடியனை இறக்கி வைத்துவிட்டுப் போயிருக்கிறார். தலைக்கனம் என்றார்கள், விசர் என்றார்கள். டொக்டரிடம் கூட்டிப் போவோமா என்று கேட்டது அம்மம்மா மட்டும்தான். செத்த வீட்டில் "என்ன வாசிப்பு!" என்று அதே ஆட்கள் புகழ்ந்தார்கள். அந்தக் கோபம் எனக்கு இன்னும் தீரவில்லை, தீரவும் வேண்டாம்.

உணர்ச்சிவசப்படுகிறேன் என்பார்கள். ஆமாம், படுகிறேன். ஒரு மனிதர் நோயோடு போராடிக்கொண்டு இப்படி வாசித்திருக்கிறார், நீங்கள் ஒரே சொல்லில் அவரைத் தூக்கி எறிகிறீர்கள். 2006இல், இறந்து 24 வருடங்களுக்குப் பிறகு, அவருக்குப் புலிட்சர் சிறப்பு விருது கொடுத்தார்கள். நம்மிலும் எத்தனை பேருக்கு இப்படிக் காலம் கடந்து பாராட்டு வந்திருக்கிறது, அதுவும் வராமல் போனவர்கள் எத்தனை பேர்?

அடுத்த மாதமும் இதே படத்தைத்தான் போடப்போகிறேன். விருப்பமில்லாதவர்கள் வர வேண்டாம். வருகிறவர்கள் தயவுசெய்து கடைசி வரை இருங்கள். டொமி ஃபிளனகனும் பரி ஹாரிஸும் இரண்டு பியானோவில் மங்க்கின் பாட்டுகளை வாசிக்கும் காட்சிகளையும் தவறவிடாதீர்கள்.