மேலூர்ப் பக்கத்து வைக்கோல் தீ

மேலூர் தீயணைப்பு வீரர்கள் கிணற்றில் விழுந்த பசுவை மீட்டது பற்றிய கட்டுரை நன்று. ஆயினும், அறுவடைக் காலத்தில் அவர்கள் படும் பாட்டுக்கும் ஒரு பத்தி ஒதுக்கியிருக்கலாம். பெரியாறு பாசனத்தை நம்பிய எங்கள் பகுதியில், தாழத் தொங்கும் மின்கம்பியில் உரசி வைக்கோல் லாரி தீப்பிடிப்பது புதிதல்ல. தண்ணீரைப் பீய்ச்சியதும் மேல்புறம் கருகி அணைந்தது போலத் தோன்றினாலும் உள்ளே கங்கு கனன்றுகொண்டே இருக்கும் என்பதால், வைக்கோலைக் கட்டுக்கட்டாகப் பிரித்துச் சாலையில் தள்ளி, ஒவ்வொன்றையும் தனித்தனியே நனைத்தாக வேண்டும். வழக்கமான தீயணைப்பு வண்டியில் சுமார் 4,500 லிட்டர் தண்ணீர்தான் இருக்கும். அது சில நிமிடங்களில் தீர்ந்துவிட, பக்கத்துத் தோட்டத்துப் பம்புசெட்டையோ கண்மாயையோ தேடி ஓட வேண்டியிருக்கிறது. (கண்மாய்க்குள் வண்டி இறங்க வழியில்லாதபடி சீமைக் கருவேலத்தை மண்டவிட்டது நாம்தான்.)

பாம்பு பிடிக்கவும் கதண்டு என்னும் விஷ வண்டின் கூட்டை அழிக்கவும் கூப்பிட்ட குரலுக்கு வருவதாலேயே, சிலருக்கு இவர்கள் வேலை இளக்காரமாகத் தெரிகிறது. 2020 தீபாவளியின்போது மதுரை நவபத்கானா தெருவில், தீப்பிடித்த பழைய ஜவுளிக்கடைக் கட்டடம் இடிந்து விழுந்ததில் இரண்டு தீயணைப்பு வீரர்கள் உயிரிழந்ததை அப்படி நினைப்பவர்கள் அறியாதவர்களா, என்ன?

101-ஐ அழைப்பவர்கள் பலர் "தீப்பிடித்துவிட்டது, வாருங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிடுகிறார்கள். ஊர்ப் பெயர், அடையாளம், எரிவது எது, மின்சாரம் துண்டிக்கப்பட்டதா, பெரிய வண்டி நுழையும் வழி எது என்பதையும் சேர்த்துச் சொன்னால் போகும் வழியிலேயே வீரர்கள் ஆயத்தமாகிவிட முடியும்.