மைக் பிடிச்ச அண்ணைக்கு

சனிக்கிழமை இங்க சுவிஸில எங்கட ஆக்களின்ர மண்டபத்தில நடந்ததைப் பற்றி எழுதக்கூடாது எண்டு இரண்டு நாள் பொறுத்துப் பார்த்தன். ஏலாமப் போச்சு. வீடியோ எல்லா வட்ஸ்அப் குழுவிலயும் சுத்துது, நான் திரும்ப விளங்கப்படுத்தத் தேவையில்லை. "வாழ்த்து" எண்டதை மேடையில ஏறின பிள்ளை "வால்த்து" எண்டு சொல்லிப்போட்டுது. "பிள்ளை, முதல்ல தமிழைப் படிச்சிட்டு மேடையில ஏறுங்கோ" எண்டு நீங்கள் மைக்கிலயே ஒரு அறிவுரை. சனம் விழுந்து விழுந்து சிரிச்சுது. நானும் சிரிச்சனான், ஒளிக்க என்ன இருக்கு.

அண்ணை, யாழ்ப்பாணத்தையே "யாள்ப்பாணம்" எண்டு சொல்லுற ஆக்கள் நாங்கள். எங்கட வாயில ழகரம் எப்ப இருந்தது?

எங்கட பிள்ளையள் "வெள்ளைக்காரராப் போச்சுதுகள்" எண்டு ஒரே வசனத்தில முடிக்கிறீங்கள். அப்பிடி ஒரேயடியாப் போறதுமில்லை, ஒரேயடியா இருக்கிறதுமில்லை. வேலையிடத்தில ஒரு மாதிரி, சிநேகிதரோட ஒரு மாதிரி, கலியாணம் எண்டு வந்தால் இன்னொரு மாதிரி. ஒவ்வொரு இடத்திலயும் வேற வேற ஆழத்தில நிக்குதுகள்.

என்ர மகள் 1999இல பேர்ணில பிறந்தவள். ரெலிபோனில அவள் கதைச்சால் பேர்ண்காரருக்கே வித்தியாசம் தெரியாது. ஆனால் இங்க பிறந்தாப்போல பாஸ்போர்ட் தரமாட்டினம். இரண்டாம் தலைமுறைக்கு இதை இலகுவாக்கலாமோ எண்டு 2004இல சனத்திட்ட வாக்குக் கேட்டவை, வேண்டாம் எண்டிட்டினம். 2017இல ஓம் எண்டது மூன்றாம் தலைமுறைக்கு. நடுவில நிண்டதுகள் எங்கட பிள்ளையள்.

பத்தொன்பது வயசில அந்தப் பாஸ்போர்ட்டுக்காகக் கெமைண்டேயில, அதுதான் ஊராட்சிக் கந்தோரில, நேர்முகம். ஞாயிற்றுக்கிழமையில வீட்டில என்ன சாப்பாடு எண்டும் ஒரு கேள்வி. வெளியில வந்து காருக்குள்ள ஏறினவள், கனநேரம் பேசேல்லை. பிறகு, "அப்பா, நான் ரோஸ்டி எண்டு சொன்னனான்" எண்டாள். சுவிஸ்காரற்ற உருளைக்கிழங்குச் சாப்பாடு அது.

எங்கட வீட்டில ஞாயிற்றுக்கிழமை எண்டால் புட்டு.

அங்க புட்டை ஒளிக்கவேணும், இங்க வந்தால் ழகரத்துக்கு அடி. இரண்டு பக்கமும் சோதனை, இரண்டு பக்கமும் சோதிக்கிறவைக்கு மாத்திரம் சோதனை இல்லை.

"அப்ப தமிழ் தேவையில்லையோ?" எண்டு கீழ கொமெண்டில வந்து கேட்பீங்கள், தெரியும். பதினொரு வருசம் சனிக்கிழமை சனிக்கிழமையாத் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்குக் கார் ஓடினவன் நான். என்னட்டக் கேட்காதேங்கோ. "சுவிஸ்காரருக்கு வக்காலத்து வாங்கிறாய்" எண்டுறவைக்கு மேல உள்ள புட்டுக் கதையைத் திரும்ப வாசிக்கச் சொல்லுறன். "திருத்தாமல் விட்டால் மொழி அழியும்" எண்டு ஒரு நண்பர் எழுதியிருந்தார். அதில நியாயம் இருக்கு. ஆனால் மைக்கிலயோ திருத்துறது?

எங்களில பிழை இல்லை எண்டும் சொல்லேல்லை. மகள் கிம்னாசியம், அதுதான் பல்கலைக்கழகத்துக்குப் போற பள்ளிக்கூடம், போகாமல் தொழிற்கல்விக்குப் போறன் எண்டநேரம், நான் மூண்டு மாதம் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இந்த நாட்டுப் பிள்ளையளில மூண்டில இரண்டு பங்கு அந்த வழியாலதான் போகுதுகள். சுவிஸ்காரனுக்கு அது மரியாதையான பாதை. எனக்கு வெக்கம். முப்பது வருசம் ரெஸ்ரோரண்டில கோப்பை கழுவினவனுக்கு வெக்கமாம்! இண்டைக்கு அவள் முதியோர் இல்லத்தில தாதி. அங்க இருக்கிற கிழவிக்கு அவளைக் காணாட்டிச் சாப்பாடு இறங்காது.

இன்னொண்டும் சொல்லவேணும். மகளுக்கு ஒன்பது வயசில மனுசிக்கு வருத்தம். டொக்டர் சொல்லுறது எங்கள் இரண்டு பேருக்கும் விளங்கேல்லை, பிள்ளைதான் நடுவில கதிரை போட்டு இருந்து மொழிபெயர்த்தது. "கிரெப்ஸ்" எண்டார் அவர். புற்றுநோய்க்கும் நண்டுக்கும் டொச்சில, அதுதான் ஜேர்மன் பாசையில, ஒரே சொல்லு. அவளுக்குத் தெரிஞ்சது நண்டு. "அம்மா, உங்களுக்குள்ள ஒரு நண்டு இருக்காம்" எண்டு சொல்லிச்சுது பிள்ளை.

மனுசி இப்ப சுகம். அண்டைக்கு அந்தத் தமிழைத் திருத்த எங்களுக்கு வாய் வரேல்லை.

அந்த வீடியோவை அழியுங்கோ அண்ணை. பிள்ளையின்ர தாய் நேற்று என்ர மனுசிக்கு ரெலிபோன் எடுத்து அழுதவ.